குதிரை பிழைத்த பிறகு

எங்கள் கல்லூரி அறிவியல் மன்றம் இவ்வாண்டு மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. தலைப்பு, ‘நான் நேரில் கண்ட அறிவியல்’. திருத்தும் பொறுப்பு இயற்பியல் ஆசிரியனான என் தலையில் விழுந்தது. வந்த கட்டுரைகளுள் பெரும்பாலானவை வானவில்லையும் இடிதாங்கியையும் பற்றியவை. புத்தகத்தில் கண்டதை நேரில் கண்டதாக எழுதியிருந்தார்கள். ஒன்று மட்டும் குதிரையைப் பற்றியது.

எழுதியவர் நாமகிரிப்பேட்டையை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் திருமண ஊர்வலங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் குதிரை அனுப்பும் தொழில் செய்பவர். அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கி வந்த பெண் குதிரை ஒன்றுக்கு டெட்டனஸ் கண்டது, குடும்பமே ஐந்து வாரம் கண்விழித்துக் காத்தது, குதிரை பிழைத்தது. இதுவே கட்டுரை. மொத்தம் பதினொரு பக்கம். படித்து முடித்ததும் மேல் ஓரத்தில் ‘முதற் பரிசு’ என்று எழுதினேன். மறுநாள் இரண்டாம் முறை படித்தபோது அதை அடித்துவிட்டேன். ஏன் எழுதினேன், ஏன் அடித்தேன் என்பதை மாணவரின் இசைவோடு இங்கே சொல்கிறேன். ஏனெனில் அவர் செய்த பிழைகள் அவருடையவை மட்டும் அல்ல. இந்நோயைப் பற்றி நாம் பேசும்போதும் எழுதும்போதும் வழக்கமாகச் செய்கின்ற பிழைகளே அவை.

கண்டதை எழுதிய பக்கங்கள்

முதல் ஏழு பக்கங்களில் குறை சொல்ல இடமில்லை. லாடம் அடிக்கும்போது ஆணி ஒன்று குளம்பின் உணர்வற்ற ஓட்டைத் தாண்டி உயிர்ச்சதையில் ஏறிவிட்டது. ஆணியைப் பிடுங்கினார்கள். மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் துளையில் அப்பினார்கள். மூன்று நாளில் நொண்டல் நின்றது, எல்லோரும் மறந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் குதிரை கொள்ளைத் தொடவில்லை. “பசியில்லை என்று நினைத்தோம். பசி இருந்தது, வாய்தான் திறக்கவில்லை” என்று மாணவர் எழுதுகிறார். இந்நோயின் அறிகுறிகளைப் பட்டியலிடும் நூல்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரியின் தெளிவு அவற்றில் இல்லை.

பிறகு அவர் கண்டவை: காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. மூக்குத் துளைகள் விரிந்தன. வாலின் அடி தூக்கி நின்றது. நான்கு கால்களையும் அகற்றி ஊன்றி, தச்சன் செய்த மரக்குதிரை போல நின்றது. கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பாமல் உடல் முழுவதையும் சேர்த்துத் திருப்பியது. யாரோ தகர வாளியைக் கீழே போட்டபோது கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்மையான ஒரு சவ்வு பாய்ந்து பாதிக் கண்ணை மூடியது. இது குதிரையின் மூன்றாம் இமை. குதிரைக்கு டெட்டனஸ் என்று ஐயம் எழுந்தால் கால்நடை மருத்துவர் கவனிக்கும் முக்கியமான அடையாளங்களுள் இது ஒன்று. அது மாணவருக்குத் தெரியாது. பெயர் தெரியாமலே, கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறார்.

மருத்துவர் வந்து லாடத்தைக் கழற்றினார். ஆணித் துளையை அகலத் திறந்து ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கழுவினார். பெனிசிலின், நச்சு முறிப்பு ஊசி, தசையைத் தளர்த்தி உறக்கமூட்டும் மருந்து ஆகியவற்றைக் கொடுத்தார். மற்றவையெல்லாம் வீட்டார் செய்தவை. லாயத்தைச் சுற்றிச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். குதிரையின் காதுகளில் பஞ்சு வைத்தார்கள். தரையில் முழங்கால் அளவு வைக்கோல் பரப்பினார்கள். தலையைக் குனிய முடியாததால் தண்ணீர் வாளியையும் கொள்ளுக் கஞ்சித் தொட்டியையும் மார்பு உயரத்தில் கட்டினார்கள். பக்கத்துக் கோயிலில் நோன்பு சாட்டி ஒலிபெருக்கி கட்டியபோது மாணவரின் தாயார் போய்ப் பேசி, குழாயை வேறு திசைக்குத் திருப்பச் செய்தார். இந்நோய் கண்ட குதிரை விழுந்துவிட்டால் எழுவது அரிது என்று மருத்துவர் சொன்னதால், இரவில் ஆள் மாற்றி ஆள் விழித்திருந்தார்கள். தாடை சிறிது சிறிதாகத் தளர்ந்து, ஐந்தாம் வாரம் குதிரை தரையிலிருந்து வைக்கோலை எடுத்துத் தின்றது.

இந்த ஏழு பக்கங்களுக்குத்தான் நான் முதற் பரிசு எழுதினேன்.

சொல் ஒன்று செய்த தீங்கு

நோய்க்கு மாணவர் பயன்படுத்தியிருக்கும் பெயர் ‘ரணஜன்னி’. நம் சுகாதாரச் சுவரொட்டிகளில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் சொல். இலங்கைத் தமிழர்கள் ‘ஏற்புவலி’ என்பார்கள். ‘ரணம்’ என்ற பாதியில் பிழையில்லை. நோய் நுழைவது ரணத்தின் வழியாகத்தான். மற்றப் பாதியில்தான் சிக்கல். நம் ஊர்களில் ஜன்னி என்றால் காய்ச்சல் முற்றிப் பிதற்றுவது. இந்நோயில் தொடக்கத்தில் காய்ச்சல் இருக்க வேண்டும் என்பதில்லை, நினைவும் தப்புவதில்லை. மனிதருக்கு வந்தாலும் அவர் முழு உணர்வோடுதான் ஒவ்வொரு இசிவையும் அனுபவிக்கிறார். நான்காம் பக்கத்தில் மாணவரே எழுதுகிறார்: “உடம்பு சுடவில்லை, அதனால் ஜன்னி இல்லை என்று ஒரு நாள் விட்டுவிட்டோம்.” நச்சு நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் என்பது சிறிய காலம் அன்று. கலைச்சொல் ஆக்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘தாடை இறுக்க நோய்’ என்றிருந்தால் அன்று காலையே மருத்துவருக்கு ஆள் போயிருக்கும். சொல் அழகாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இருட்டு ஏன்?

இருட்டறை, பஞ்சு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் எழுதிய மாணவர், அவை எதற்காக என்று கேட்கவே இல்லை. அறிவியல் கட்டுரையில் இது குறைதான்.

கையை மடக்கிப் பாருங்கள். முன்புறத் தசை சுருங்குகிறது. பின்புறத் தசை விட்டுக்கொடுக்கிறது. சுருங்கு என்ற ஆணையைப் போலவே, சுருங்காதே என்ற ஆணையும் முதுகுத்தண்டில் பிறக்கிறது. கிளைசின், காபா என்னும் இரு வேதிப்பொருள்கள் இந்தத் தடையாணையைச் சுமக்கின்றன. காயத்தில் உண்டாகும் டெட்டனஸ் நச்சு நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பு இழையின் உள்ளாகவே மேலேறி முதுகுத்தண்டை அடைந்து, இவ்விரு பொருள்களும் வெளிவராதபடி செய்துவிடுகிறது. மாட்டுவண்டியின் தடைக்கட்டை கழன்றுவிட்டது போல் ஆகிறது. எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் முழு வலிமையோடு இழுக்கின்றன. ஆகவேதான் மரக்குதிரை நிலை. தடை இல்லாத உடலுக்குச் சிறு ஓசையும் பெரிய ஆணை. மைக்கை ஒலிபெருக்கியின் எதிரே கொண்டு போனால் ஒரு சிறு முணுமுணுப்பு சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையாக மாறுகிறதல்லவா? ஏறத்தாழ அப்படி. ஒலியையும் ஒளியையும் தொடுகையையும் குறைப்பது, ஊளைக்கு வித்தாகும் முணுமுணுப்பைக் குறைப்பதாகும்.

இருட்டு நோயைக் குணப்படுத்துவதில்லை. நரம்போடு பிணைந்த நச்சை எடுக்க மருந்தும் இல்லை. முறிப்பு ஊசியானது இன்னும் நரம்பை அடையாமல் குருதியிலும் காயத்திலும் திரியும் நச்சைத்தான் பிடிக்கும். பிணைந்தது பிணைந்ததுதான். நரம்பு புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை விலங்கு நிற்கவும், நீர் அருந்தவும், மூச்சு விடவும் செய்துவிட்டால் பிழைக்கும். மூச்சுத் தசைகள் இறுகிவிட்டால் முடிந்தது. அந்த ஐந்து வாரத்துக்கு இதுவே கணக்கு. மாணவரின் குடும்பம் செய்த பணிவிடை எத்துணை சரியானது என்பது இதனால் விளங்கும். அவர்கள் செய்ததில் வீண் என்று ஒன்றும் இல்லை.

எட்டாம் பக்கம்: துரு

இங்கிருந்து கட்டுரை சரிகிறது. “துருப்பிடித்த லாட ஆணியின் விஷம் இரத்தத்தில் கலந்ததால் ரணஜன்னி உண்டாயிற்று” என்கிறது எட்டாம் பக்கம். மாணவரை அழைத்து, ஆணி துருப்பிடித்திருந்ததா என்று கேட்டேன்.

“இல்லைங்க சார், புது ஆணிதானுங்க. ஆனா ரணஜன்னின்னா துருதானுங்களே காரணம்?”

ஏழு பக்கம் கண்ணை நம்பி எழுதியவர், எட்டாம் பக்கத்தில் தன் கண்ணைப் பொய்யாக்கிக் கேள்விப்பட்டதை எழுதிவிட்டார். பரிசை அடிக்க எனக்கு முதற் காரணம் இதுதான்.

துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். இந்நோயோடு அதற்கு உறவில்லை. 1884ஆம் ஆண்டில் இத்தாலியில் கார்லேயும் ரட்டோனேயும் இந்நோயால் இறந்த ஒருவரின் சீழை முயல்களுக்குச் செலுத்தி அவற்றுக்கு நோயை உண்டாக்கினர். அதே ஆண்டில் ஜெர்மனியில் நிக்கோலையர் வெறும் மண்ணைக் கொண்டே அதைச் செய்து காட்டினார். 1889இல் பெர்லினில் காக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஜப்பானியர் கிட்டசாட்டோ, கலப்பு நுண்ணுயிர்களை 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினார். மற்றவை மடிந்தன, டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மட்டும் தாங்கின. அவற்றை ஹைட்ரஜன் வாயுவில் வளர்த்துத் தனியே பிரித்தெடுத்தார். ஹைட்ரஜன் எதற்கு? ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இக்கிருமி வளர்வதில்லை. முழு மர்மமும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

வித்துகள் மண்ணிலும், குதிரை, மாடு முதலியவற்றின் சாணத்திலும் உள்ளன. லாயத்துத் தரையில் அவை இல்லாத இடம் தேடினாலும் அகப்படாது. சிராய்ப்பில் விழுந்தால் காற்றுப்பட்டு முளைக்காமல் கிடக்கும். ஆணித் துளையோ ஆழமானது, குறுகலானது. வாய் விரைவில் மூடிக்கொள்கிறது. உள்ளே சிதைந்த சதையில் ஆக்சிஜன் வற்றுகிறது. வித்து முளைக்கிறது. புது ஆணியும் இதைச் செய்யும். கருவேல முள்ளும் செய்யும். துருப்பிடித்த ஆணியின் குற்றம் அது நெடுநாள் மண்ணில் கிடந்தது என்பது மட்டுமே. மருத்துவர் துளையை அகலத் திறந்து பெராக்சைடு விட்டது ஏன் என்பதும் இப்போது தெரிகிறது. அது நுரைத்துப் பொங்கி அழுக்கை வெளியேற்றுகிறது, பொங்குவது ஆக்சிஜன்.

அப்படியானால் மஞ்சள்? மஞ்சள் மண்டிகளுக்குப் பேர்போன ஊர்க்காரர்களிடம் மஞ்சளைக் குறைசொல்லத் துணிவு வேண்டும். மேற்பரப்பில் சில கிருமிகளை அது அடக்கக்கூடும். ஆனால் ஆழத் துளையின் வாயை எண்ணெய்க் குழம்பால் அடைப்பது கிட்டசாட்டோவின் ஹைட்ரஜன் குடுவைக்கு மூடி போடுவதற்கு ஒப்பாகும். கொதிநீரிலும் இவ்வித்துகள் எளிதில் சாவதில்லை. அறுவைக் கருவிகளை அழுத்த அடுகலனில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைப்பது இவை போன்ற வித்துகளுக்காகத்தான். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் எட்டும் வெப்பநிலையும் அதுவே. குதிரையின் குளம்பைக் குக்கரில் வைக்க முடியாது என்பதால்தான் தடுப்பூசி தேவைப்படுகிறது.

ஒன்பதாம் பக்கம்: பஞ்சாபில் பத்தொன்பது பேர்

தடுப்பூசியைப் பற்றிப் பேச வரும் மாணவர், எடுத்த எடுப்பில் ஓர் எச்சரிக்கை தருகிறார். 1902இல் பஞ்சாபில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸால் இறந்தார்கள். ஆகவே ஊசியிலும் ஆபத்துண்டு என்கிறார். செய்தி உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தலைகீழ்.

முல்கோவால் என்பது அவ்வூரின் பெயர். இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1902 அக்டோபர் 30 அன்று அங்கு 107 பேருக்குப் போடப்பட்டது டெட்டனஸ் ஊசி அன்று. பம்பாயில் வால்டெமார் ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் ஊசி. இறந்த 19 பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுக்கப்பட்டிருந்தது. அந்தப் புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததாகவும், அதைச் சரியாகத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதாகவும் பின்னர் தெரிய வந்தது. பழி ஹாஃப்கின் மீது விழுந்து அவர் பதவி இழந்தார். ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பிறகு 1907இல்தான் பழி நீங்கியது. அவர் நிறுவிய ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தரையில் விழுந்த இடுக்கியும் மாணவர் வீட்டு லாயத்து ஆணியும் ஒரே கதையின் இரு பாத்திரங்கள். பத்தொன்பது பேரைக் கொன்றது எந்த நோயோ, அந்த நோய்க்குத் தடுப்பூசி அன்று உலகில் எங்கும் இல்லை. இதை மாணவர் எழுதவில்லை.

இதற்கு ஓராண்டு முன்பு, 1901இல், அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் நடந்ததை அவர் அறிந்திருந்தால் கட்டுரைக்கு இன்னும் பொருந்தியிருக்கும். ஏனென்றால் அது குதிரையின் கதை. ஜிம் என்று பெயர். முன்பு பால்வண்டி இழுத்தது. பிறகு தொண்டை அடைப்பானுக்கு நச்சு முறிப்பு மருந்து எடுப்பதற்காக வளர்க்கப்பட்டது. அதன் குருதி நீரில் பல குழந்தைகள் பிழைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் தொடக்கத்தில் ஜிம்முக்கு டெட்டனஸ் கண்டு, அதைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் அறிகுறி தெரிவதற்குச் சற்று முன் எடுத்த குருதி, சோதிக்கப்படாமல் புட்டிகளில் அடைக்கப்பட்டு வெளியே போய்விட்டது. பதின்மூன்று குழந்தைகள் இறந்தார்கள். ஒரு கினிப்பன்றிக்குப் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். மறு ஆண்டு, 1902இல், இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் வந்தது.

குதிரைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு விந்தையானது. வீட்டு விலங்குகளுள் டெட்டனஸுக்கு மிக எளிதில் இரையாவது குதிரை. அதே குதிரைதான் நெடுங்காலம் மனிதனுக்கு முறிப்பு மருந்து தந்தது. 1890 டிசம்பரில் பேரிங்கும் கிட்டசாட்டோவும், நோய் எதிர்ப்பு ஊட்டப்பட்ட முயலின் குருதி நீர் எலியைக் காப்பதைக் காட்டினர். 1897இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் நோகார், முன்கூட்டியே கொடுத்தால் முறிப்பு மருந்து நோயைத் தடுக்கும் என்று நிறுவினார். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குக் குதிரைக் குருதி நீரே போடப்பட்டது. மாணவரின் குதிரைக்கு மருத்துவர் போட்ட முறிப்பு ஊசியும் முகமறியாத வேறொரு குதிரை தந்ததுதான். இந்தியாவில் பாம்புக்கடி மருந்தும் இன்றுவரை குதிரைகளிடமிருந்தே பெறப்படுகிறது; அதற்கு வேண்டிய நஞ்சைத் தருவோருள் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் அடங்குவர். பதினொரு பக்கக் குதிரைக் கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி இருந்திருக்கலாம்.

பத்தாம் பக்கம்: ஒரே வரி

தடுப்பூசிக்கு மாணவர் கொடுத்திருப்பது ஒரே வரி: “இந்நோய்க்குத் தடுப்பூசியும் உண்டு.” எனக்கு மிகுந்த ஏமாற்றம் இந்த இடத்தில்தான். அவர் வீட்டைச் சுற்றி விளையும் பயிருக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவாரா?

பாரிசை அடுத்த கார்ஷ் என்னும் இடத்தில் பாஸ்டர் நிலையத்தின் குதிரை லாயங்கள் இருந்தன. அங்குப் பணியாற்றிய கஸ்தோன் ரமோன் ஒரு கால்நடை மருத்துவர். நச்சோடு சிறிது பார்மலின் சேர்த்து, உடல் வெப்ப அளவில் சில வாரம் வைத்தால் அது கொல்லும் தன்மையை இழக்கிறது, ஆனால் உடலுக்குப் பாடம் கற்பிக்கும் தன்மையை இழப்பதில்லை என்று 1920களில் அவர் கண்டார். இந்த அடங்கிய நச்சுக்கு டாக்சாய்டு என்று பெயர். இன்றுவரை டெட்டனஸ் தடுப்பூசி என்பது இதுதான். கிருமி இல்லை, நச்சின் வேடம் மட்டும் உண்டு.

ரமோன் மற்றொன்றையும் கவனித்தார். ஊசி போட்ட இடம் வீங்கிக் கட்டியான குதிரைகள், மற்றவற்றைவிட அதிக முறிப்புப் பொருள் தந்தன. அப்படியானால் வேண்டுமென்றே சிறிது எரிச்சலை உண்டாக்கினால் என்ன? டாக்சாய்டோடு அவர் கலந்து பார்த்த பொருள்களுள் ஒன்று மரவள்ளி மாவு. ஆம், நம் சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியாகும் குச்சிக்கிழங்கின் மாவுதான். குதிரைகளின் எதிர்ப்புத் திறன் உயர்ந்தது. 1926இல் லண்டனில் கிளென்னி படிகாரத்தைக் கொண்டு இதையே இன்னும் செம்மையாகச் செய்தார். இன்றைய ஊசியில் இருப்பது அலுமினிய உப்பு. மாவு போய்விட்டது; கருத்து நின்றது. கிழங்குக் காட்டின் நடுவே குதிரை வளர்க்கும் வீட்டுப் பிள்ளை இந்தச் செய்தியை எழுதியிருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்! அவரை மட்டும் குறைகூற மாட்டேன். நம் பாடநூல்களிலும் தடுப்பூசி பெரும்பாலும் ஒரு வரிதான்.

பதினொன்றாம் பக்கம்: இனி வராது

கட்டுரை இப்படி முடிகிறது: “நோயை வென்றதால் எங்கள் குதிரைக்கு இயற்கையாகவே எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது. இனி அதற்கு ஊசி தேவையில்லை.” இது மாணவரின் தந்தையார் கருத்து. மருத்துவர் சொல்லிவிட்டுப் போன ஊசியை அவர் இதனால்தான் போடவில்லை. “ஒரு தடவ வந்து போச்சு, இனி வராதுன்னு அப்பா சொன்னாருங்க சார்” என்றார் மாணவர். அம்மை வந்தவருக்கு அதே அம்மை பொதுவாக மறுபடி வருவதில்லை என்பதைக் கண்டவர் அவர். அனுபவத்திலிருந்து கொண்ட முடிவு. ஆனால் இங்கே அது செல்லாது.

ஒரு கணக்குப் போடுவோம். டெட்டனஸ் நச்சு மனிதனைக் கொல்ல உடல் எடையில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2.5 நானோகிராம் போதும். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதருக்கு 150 நானோகிராம். பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் உள்ள ஓர் உப்புப் பரலின் எடை சுமார் 58 மைக்ரோகிராம். அந்த எடைக்கு நச்சு இருந்தால் ஏறத்தாழ 400 பேருக்கு அது எமன். நோய் எதிர்ப்பை உண்டாக்கும் உயிரணுக்கள் இவ்வளவு சிறிய அளவைக் கண்டு விழித்துக்கொள்வதே இல்லை. அவை கவனிக்கும் அளவுக்கு நச்சு சேருமுன் ஆள் இறந்துவிடுவார். ஊசியில் உள்ள டாக்சாய்டோ, அடங்கிய நச்சு என்பதால், கொல்லும் அளவைப் போலப் பல மடங்கு கொடுக்க முடிகிறது. அப்போதுதான் உடல் பாடம் கற்கிறது. ஆகவே டெட்டனஸிலிருந்து பிழைத்தவர் அதற்கு எதிர்ப்புப் பெற்றவர் அல்லர். பிழைத்த குதிரை, நோய் வருமுன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அடுத்த ஆணிக்கு அதனிடம் காப்பு ஏதும் இல்லை. அந்த ஐந்து வாரப் பணிவிடையும் வாங்கித் தந்தது உயிரை, காவலை அன்று.

பிழைத்த கதைகளில் இன்னொரு பொல்லாங்கும் உண்டு. பிழைத்தவைதாம் கதையாகின்றன. நல்ல சிகிச்சை கிடைத்தும் இந்நோய் கண்ட குதிரைகளில் பாதிக்கு மேல் இறந்துவிடுகின்றன. அவற்றுக்காகவும் யாரோ சாக்குத் தைத்திருப்பார்கள், இரவில் விழித்திருப்பார்கள். கட்டுரை எழுதியிருக்க மாட்டார்கள். இவ்வகைக் கதையைப் படிக்கிறவர் மனத்தில் ‘பாடுபட்டால் பிழைக்கும்’ என்பது மட்டும் தங்கிவிடுகிறது. தடுப்பூசியிடம் சொல்ல ஒரு கதையும் இல்லை. ஊசி போட்ட குதிரையின் குளம்பில் ஆணி ஏறினால், பன்னிரண்டாம் நாள் அது கொள்ளுத் தின்கிறது. அதை யார் எழுதுவார்? எண்களில்தான் அதைப் பார்க்க முடியும். இரண்டாம் உலகப் போரில் டாக்சாய்டு போட்டு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையில் காயங்களுக்காக மருத்துவமனை சேர்ந்தவை 27 லட்சத்துக்கும் மேல். டெட்டனஸ் கண்டவர்கள் 12 பேர். 1988இல் உலகெங்கும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தொப்புள்கொடியை அழுக்கான கத்தியால் அறுத்ததும், அதில் சாணத்தைப் பூசியதும் காரணங்கள். கருவுற்ற தாய்மாருக்கு ஊசியும், தூய்மையான பிரசவமும் கிடைத்த பிறகு அந்த எண் மிகவும் சுருங்கிவிட்டது. தாய், சேய் டெட்டனஸ் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலை நீங்கிய நாடாக இந்தியா 2015இல் ஏற்கப்பட்டது.

நீங்கியது நோயின் நெருக்கடிதான். கிருமி மண்ணிலேயே இருக்கிறது. பெரியம்மையைப் போல் இதை உலகிலிருந்து துடைத்தெறிய முடியாது. மற்றொன்று: தட்டம்மை போன்ற தொற்று நோய்களில் ஊரார் ஊசி போட்டுக்கொண்டால் போடாதவருக்கும் ஓரளவு நிழல் கிடைக்கும். டெட்டனஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. எனவே அடுத்த வீட்டுக் குதிரைக்குப் போட்ட ஊசி நம் குதிரைக்கு உதவாது. மகனுக்குப் பள்ளியில் போட்ட ஊசி தந்தைக்கு உதவாது. அவரவர்க்கு அவரவர் ஊசிதான்.

கட்டுரையை மாணவரிடமே திருப்பிக் கொடுத்து, முதல் ஏழு பக்கத்தில் ஓர் எழுத்தையும் தொடாமல், கடைசி நான்கு பக்கங்களை மட்டும் மீண்டும் எழுதி வரச் சொன்னேன். சென்ற வாரம் கொண்டு வந்தார். ஆணி புதியது என்று இப்போது எழுதியிருக்கிறார். குச்சிக்கிழங்கு மாவுக்கு முழுதாக ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்; சற்று நீளம்தான், விட்டுவிட்டேன். முடிவில் இருந்த வரி போய், வீட்டிலுள்ள இரண்டு குதிரைகளுக்கும் முதல் ஊசி போட்ட தேதியும், நான்கு வாரம் கழித்துப் போட வேண்டிய இரண்டாம் ஊசியின் தேதியும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை என்ற குறிப்பும் இருந்தன. முதற் பரிசு என்று மறுபடி எழுதினேன்.

தினமும் அந்த லாயத்துச் சாணத்தில் வெறுங்காலோடு நிற்கும் தந்தையார் எப்போது ஊசி போட்டுக்கொண்டார் என்று கேட்டேன்.

“அவருக்கே நெனப்பில்லைங்க சார்.”

டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ‘டி.டி.’ என்று ஒரே ஊசியாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள் என்றும், பத்தாண்டு கடந்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறாராம்.